பரணில் கிடக்கும் பழைய டியூப்லைட், சோக்... குப்பையில் போடலாமா? செங்கல்பட்டு, மாமல்லபுரம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டியது என்ன?

சொன்ன ஜோக் அஞ்சு நிமிஷம் கழிச்சுப் புரிஞ்சு சிரிக்கிற ஆளை "டியூப்லைட்" என்று கிண்டல் செய்வது நம்ம ஊர் வழக்கம். சுவிட்ச் போட்டதும் இரண்டு மூன்று முறை மினுக்கி, யோசித்து, அப்புறம்தான் எரியும் அந்த விளக்கு இப்போது பல வீடுகளில் இல்லை. எல்இடி வந்துவிட்டது. ஆனால் கழற்றிய டியூப்லைட் எங்கே போனது?

பலர் வீட்டில் பதில் ஒன்றுதான். பரண் மேல், மாடிப்படிக்கு அடியில், மோட்டார் ரூமில் சாய்த்து வைத்திருப்பார்கள். போகி வரும்போதோ, வீட்டுக்கு வெள்ளையடிக்கும்போதோ அது வெளியே வரும். அங்கேதான் பிரச்னை தொடங்குகிறது. எதை, எப்படி அடையாளம் காண்பது, யாரிடம் கொடுப்பது? முழு விவரம் இதோ.

சுருக்கமாக

- டியூப்லைட், சிஎஃப்எல் இரண்டிலும் பாதரசம் இருக்கிறது. எல்இடி-யில் இல்லை.
- உடையாத டியூப்லைட்டால் ஆபத்து இல்லை. உடைந்தால்தான் கவனம் தேவை.
- குப்பைத் தொட்டியிலோ, ஏரிக்கரையிலோ, போகி நெருப்பிலோ போடக் கூடாது.
- தனியாகக் கட்டி, "டியூப்லைட்" என்று சொல்லித்தான் கொடுக்க வேண்டும்.

டியூப்லைட் எப்படி எரிகிறது?

கண்ணாடிக் குழாய்க்குள் ஆர்கான் போன்ற வாயுவும், கண்ணுக்கே தெரியாத அளவு பாதரசமும் இருக்கும். மின்சாரம் பாயும்போது பாதரச ஆவி புற ஊதாக் கதிரை வெளிவிடும். அது நம் கண்ணுக்குத் தெரியாது. குழாயின் உட்புறம் பூசியிருக்கும் வெள்ளைப் பவுடர்தான் அந்தக் கதிரை வாங்கி வெளிச்சமாக மாற்றுகிறது. அதாவது, பாதரசம் இல்லாமல் டியூப்லைட்டே கிடையாது.

மினுக்குவதற்குக் காரணம் ஸ்டார்டர். அது உள்ளே இணைந்து பிரியும்போது இரு முனைகளிலும் உள்ள கம்பிச் சுருள் சூடாகும். பிரியும் நொடியில் சோக் ஒரு பெரிய மின் உதைப்பைக் கொடுக்கும், விளக்கு எரியும். அதன் பிறகு சோக்கின் வேலை மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது. அதனால்தான் எரிந்துகொண்டிருக்கும்போது ஸ்டார்டரைக் கழற்றினாலும் விளக்கு அணையாது.

அடையாளம் காண்பது எப்படி?

*பருமன் டியூப்லைட்:* சுமார் ஒன்றரை அங்குல விட்டம், அதாவது 38 மி.மீ. நான்கு அடி நீளம், 40 வாட். இதுதான் டி12. பழைய அரசு அலுவலகம், பள்ளிக்கூடம், ஊராட்சித் தெருவிளக்கு எல்லாவற்றிலும் ஒரு காலத்தில் இருந்தது இந்த வகை. பாதரசமும் இதில்தான் அதிகம். மிகப் பழையவற்றில் பல பத்து மில்லிகிராம் வரை இருக்கலாம்.

*நடுத்தர டியூப்லைட்:* ஒரு அங்குலம், 26 மி.மீ. நான்கு அடிக்கு 36 வாட். இது டி8.

*ஒல்லி டியூப்லைட்:* விரல் தடிமன், 16 மி.மீ. 28 வாட். இது டி5. எலெக்ட்ரானிக் சோக்கில் மட்டுமே எரியும்.

*சிஎஃப்எல்:* சுருள் வடிவிலோ, 'யு' வடிவிலோ வளைத்த குழாய். இதுவும் டியூப்லைட்டின் தம்பிதான். அடியில் உள்ள வெள்ளை பிளாஸ்டிக் பகுதிக்குள்தான் எலெக்ட்ரானிக் சோக் இருக்கிறது.

எல்இடி டியூபும் பார்க்க இதே மாதிரி இருப்பதால் குழப்பம் வரும். வித்தியாசம் கண்டுபிடிப்பது சுலபம். டியூப்லைட்டின் இரு முனைகளும் பயன்படுத்தப் பயன்படுத்தக் கறுத்துப்போகும். எல்இடி-யில் அப்படி ஆகாது. எல்இடி டியூபை வெளிச்சத்தில் உற்றுப் பார்த்தால் உள்ளே நீளமான பட்டையும், அதில் வரிசையாகப் புள்ளிகளும் தெரியும். பெரும்பாலான எல்இடி டியூப்களின் பின்பக்கம் பிளாஸ்டிக் அல்லது அலுமினியமாக இருக்கும்.

டியூப்லைட் வடிவில் இல்லாமலும் பாதரசம் ஒளிந்திருக்கும் பொருட்கள் உண்டு:

- பழைய தெருவிளக்கு, மைதான விளக்குகளில் இருந்த மெர்குரி வேப்பர், சோடியம் வேப்பர், மெட்டல் ஹாலைடு பல்புகள்
- ஓட்டல், இறைச்சிக் கடைகளில் மாட்டும் ஊதா நிற ஈ, கொசு பிடிக்கும் விளக்கு
- கொரோனா காலத்தில் வாங்கிய புற ஊதாக் கிருமிநாசினி விளக்கு
- கிளினிக்கில் எக்ஸ்ரே பார்க்கும் பழைய வெளிச்சப் பெட்டி
- எல்இடி வருவதற்கு முந்தைய எல்சிடி டிவி, லேப்டாப் திரைக்குப் பின்னால் உள்ள மெல்லிய விளக்கு

சோக், ஸ்டார்டர், கண்டென்சர்: எதில் என்ன இருக்கிறது?

*இரும்பு சோக்:* கையில் எடுத்தாலே கனமாக இருக்கும், எரியும்போது 'ம்ம்ம்' என்று முனகும். உள்ளே செம்புக் கம்பிச் சுருளும் இரும்புத் தகடுகளும்தான். பாதரசம் கிடையாது. செம்புக்கு விலை இருப்பதால் காயலான் கடையில் இதற்கு எப்போதும் மவுசு உண்டு. மிகப் பழைய சோக்கில் சூடு பட்டால் தார் போன்ற கறுப்புப் பிசின் ஒழுகலாம்.

*எலெக்ட்ரானிக் சோக்:* லேசாக இருக்கும், முனகாது. உள்ளே சர்க்யூட் போர்டு. இது நேரடியாக மின்னணுக் கழிவு. பழைய செல்போன், சார்ஜர் போலத்தான் கையாள வேண்டும்.

*ஸ்டார்டர்:* சின்ன டப்பா. உள்ளே குட்டி கண்ணாடிக் குமிழும் ஒரு குட்டி கண்டென்சரும் இருக்கும். உடைத்துப் பார்க்க வேண்டாம்.

*கண்டென்சர்:* எல்லா வீட்டு பட்டியிலும் இருக்காது. தொழிற்கூடம், அலுவலகம், இரட்டை டியூப் பட்டிகளில் உலோக டப்பா வடிவில் இருக்கும். இதில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். ஒன்று, மின்சாரத்தை நிறுத்திய பிறகும் இதில் மின்சாரம் தேங்கியிருந்து ஷாக் அடிக்கலாம். இரண்டு, 1980-க்கு முந்தையதாக இருந்தால் உள்ளே இருக்கும் எண்ணெய்.

பாலிகுளோரினேட்டட் பைஃபினைல், சுருக்கமாக பிசிபி, என்ற ரசாயன எண்ணெய் ஒரு காலத்தில் உலகம் முழுக்க டிரான்ஸ்ஃபார்மர்களிலும் கண்டென்சர்களிலும் பயன்பட்டது. எளிதில் அழியாது. உடலின் கொழுப்பில் தங்கும், புற்றுநோய் அபாயமும் உண்டு. அமெரிக்கா 1979-ல் இதன் உற்பத்தியைத் தடை செய்தது. அங்கே சோக்குக்குள்ளேயே கண்டென்சரை வைத்துத் தயாரித்ததால், பழைய சோக்குகளே பெரிய தலைவலியாகின. நம் வீடுகளில் இருந்த சாதாரண இரும்பு சோக்கில் கண்டென்சர் கிடையாது என்பதால் அந்த அளவு பயம் தேவையில்லை.

இந்தியாவில் 2016-ல் வந்த மத்திய அரசு ஆணை, பிசிபி உற்பத்தியையும் இறக்குமதியையும் தடை செய்தது. பயன்பாட்டை முழுமையாக நிறுத்த 2025 டிசம்பர் 31 வரை கெடு தரப்பட்டது. எனவே பழைய மில், பட்டறை, கப்பலில் இருந்து கழற்றிய பட்டியில் எண்ணெய் ஒழுகும் கண்டென்சர் இருந்தால் வெறும் கையால் தொடக் கூடாது, பிரிக்கக் கூடாது. கையுறை போட்டு, கசியாத டப்பாவில் வைத்து, அங்கீகாரம் பெற்ற கழிவு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும்.

ஒரு டியூப்லைட் உடைந்தால் எவ்வளவு ஆபத்து?

பதற வேண்டாம். ஒரு சிஎஃப்எல்-லில் இருப்பது சுமார் 4 மில்லிகிராம் பாதரசம். பழைய கண்ணாடிக் காய்ச்சல்மானியில் இருப்பது சுமார் 500 மில்லிகிராம். அதாவது ஒரு தெர்மாமீட்டர், நூற்றுக்கும் மேற்பட்ட சிஎஃப்எல்-க்குச் சமம். வீட்டில் ஒரு டியூப்லைட் உடைந்து, சரியாகச் சுத்தம் செய்துவிட்டால் பெரிய பாதிப்பு வராது.

பிரச்னை எண்ணிக்கையில் இருக்கிறது. பாதரசம் சாதாரண வெப்பத்திலேயே ஆவியாகும். நிறம் கிடையாது, வாசனையும் கிடையாது. மூச்சு வழியாக உள்ளே போய் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகளுக்கு அபாயம் அதிகம். வாரத்துக்கு ஒன்றல்ல, ஒரே நாளில் பத்து இருபது டியூப்லைட் தன் பக்கத்தில் உடைவது யாருக்கு? குப்பை வண்டியில் ஏற்றி அழுத்தும் தூய்மைப் பணியாளருக்கு. முனையில் இருக்கும் அலுமினிய மூடிக்காக ஒவ்வொன்றாக உடைக்கும் காயலான் கடை வேலையாளுக்கு. நாம் தொட்டியில் போட்டதும் மறந்துவிடுகிறோம், அவர்கள் மூச்சில் அது போகிறது.

தமிழ்நாடு ஏற்கெனவே பார்த்த பாடம்: கொடைக்கானல்

பாதரசம் பட்ட கண்ணாடி காயலான் கடைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாநிலத்திலேயே உதாரணம் இருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க் மாகாணத்தில் இருந்து 1980-களில் கொடைக்கானலுக்கு வந்தது ஒரு தெர்மாமீட்டர் தொழிற்சாலை. பின்னர் அது இந்துஸ்தான் லீவர், இன்றைய இந்துஸ்தான் யுனிலீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது.

2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் உள்ள ஒரு காயலான் கடையில், அந்தத் தொழிற்சாலையில் இருந்து வந்த பாதரசம் கலந்த உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊர்மக்களும் சுற்றுச்சூழல் ஆர்வலர்களும் வெளிக்கொண்டு வந்தனர். அந்த மாதமே ஆலை மூடப்பட்டது. பாதரசக் கழிவு 2003-ல் கப்பலில் அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு 2016 மார்ச்சில் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. தொழிலாளர்களின் உடல்நலப் பாதிப்புக்கு ஆலை காரணமல்ல என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆலை இருந்த மண்ணைச் சுத்தம் செய்வது பற்றிய சர்ச்சை அதன் பிறகும் பல ஆண்டுகள் நீண்டது.

தெர்மாமீட்டர் ஆலையையும் வீட்டு டியூப்லைட்டையும் ஒப்பிட முடியாதுதான். அளவு வேறு. ஆனால் போகிற வழி ஒன்று: கண்ணாடி, காயலான் கடை, மண், தண்ணீர்.

செங்கல்பட்டு, மாமல்லபுரத்துக்கு ஏன் கூடுதல் கவனம்?

2019 நவம்பரில் காஞ்சிபுரத்தில் இருந்து பிரிந்து உருவான செங்கல்பட்டு மாவட்டம் ஏரிகளுக்குப் பெயர் பெற்றது. செங்கல்பட்டு நகரை ஒட்டியே கொளவாய் ஏரி, தெற்கே மதுராந்தகம் ஏரி, நடுவே பாலாறு. ஏரிக்கரையில் கொட்டும் குப்பை வடகிழக்குப் பருவமழையில் தண்ணீரோடு போகும். போய்ச் சேரும் இடங்களில் கடலும் ஒன்று.

தண்ணீரில் சேரும் பாதரசத்தை அடிச்சேற்றில் உள்ள நுண்ணுயிர்கள் மெத்தில் பாதரசமாக மாற்றும். அது சின்ன மீனில் இருந்து பெரிய மீனுக்கு, பெரிய மீனில் இருந்து தட்டுக்கு வரும். ஜப்பானின் மினமாட்டா விரிகுடாவில் ரசாயன ஆலைக் கழிவால் மக்கள் நரம்பு நோயில் துடித்தது 1956-ல் உலகுக்குத் தெரிய வந்தது இப்படித்தான். ஒரு டியூப்லைட்டால் மாமல்லபுரம் மீன் கெட்டுவிடாது. ஆனால் கோவளத்தில் இருந்து சதுரங்கப்பட்டினம் வரை மீனை நம்பி வாழும் கரையில், பாதரசம் ஒரு துளிகூட கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

இன்னொன்று உப்புக்காற்று. கடலோர வீடுகளிலும், லாட்ஜ்களிலும், சிற்பக் கூடங்களிலும் பட்டியும் ஹோல்டரும் சீக்கிரம் துருப்பிடிக்கும். முனைக் கம்பி ஹோல்டரில் ஒட்டிக்கொள்ளும். பலம் கொடுத்துத் திருப்பினால் குழாய் தலைக்கு மேலேயே உடையும். புயல் காலத்திலும் இதே கதைதான். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகேதான் கரையைக் கடந்தது. அப்படிப்பட்ட காற்றுக்குப் பிறகு அள்ளும் குப்பையில் உடைந்த விளக்கும் கலந்தே போகும்.

பத்திரமாகக் கழற்றுவது எப்படி?

1. சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பழைய வயரிங்கில் சுவிட்ச் நியூட்ரலில் இருந்தால், அணைத்த பிறகும் பட்டியில் மின்சாரம் இருக்கும். மெயினை நிறுத்துங்கள்.
2. விளக்கு ஆறும் வரை சில நிமிடம் பொறுங்கள். ஈரக் கை, ஈரத் தரை வேண்டாம்.
3. பிளாஸ்டிக் நாற்காலியில் ஏற வேண்டாம். ஆடாத ஏணி, கீழே பிடிக்க ஒரு ஆள்.
4. கண்ணாடியோ, கண் பாதுகாப்புக் கவசமோ போடுங்கள். தடிமனான கையுறை நல்லது.
5. இரு கையாலும் முனைகளுக்கு அருகில் பிடித்து, கால் சுற்று மெதுவாகத் திருப்பிக் கீழே இழுங்கள். பழைய ஸ்பிரிங் ஹோல்டராக இருந்தால் ஒரு பக்கம் தள்ளி மறுபக்கத்தை விடுவிக்க வேண்டும்.
6. துருவில் சிக்கியிருந்தால் நடுவில் பிடித்து முறுக்காதீர்கள். எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.
7. புது டியூப் வந்த அட்டை உறையிலேயே பழையதைப் போடுங்கள். உறை இல்லையென்றால் செய்தித்தாளில் சுற்றி, நீளமான அட்டைப் பெட்டியில் படுக்க வையுங்கள். செலோ டேப் போட்டு இறுக்கிக் கட்டினால் பிரிக்கும்போது உடையும்.

பழைய பட்டியிலேயே எல்இடி டியூப் மாட்டுவதாக இருந்தால், அந்த எல்இடி எந்த வகை என்று அட்டையில் பாருங்கள். பலவற்றுக்குச் சோக், ஸ்டார்டரை வயரிங்கில் இருந்து நீக்க வேண்டும். இது எலெக்ட்ரீஷியன் வேலை.

கைதவறி உடைந்துவிட்டால்?

- குழந்தைகளையும், நாய், பூனையையும் முதலில் வெளியே அனுப்புங்கள்.
- ஃபேன், ஏசியை நிறுத்துங்கள். ஜன்னல், கதவைத் திறந்துவிட்டு 10 நிமிடம் அறையை விட்டு வெளியே இருங்கள்.
- துடைப்பம் வேண்டாம், வாக்குவம் கிளீனரும் வேண்டாம். இரண்டுமே பவுடரைக் காற்றில் கிளப்பும்.
- கையுறை போட்டு, இரண்டு தடிமனான அட்டைகளால் சில்லுகளை அள்ளுங்கள். நுண்ணிய தூளை ஒட்டும் டேப்பால் ஒற்றி எடுங்கள்.
- கடைசியில் ஈரக் காகிதத்தால் துடைத்து, எல்லாவற்றையும் மூடியுள்ள கண்ணாடிப் பாட்டிலிலோ, இறுகக் கட்டிய கவரிலோ போடுங்கள். அதை வீட்டுக்கு வெளியே வையுங்கள்.
- கையைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள். ஜன்னலைச் சில மணி நேரம் திறந்தே வையுங்கள்.
- பாயிலோ, போர்வையிலோ தூள் நேரடியாகக் கொட்டியிருந்தால் வாஷிங் மெஷினில் போட வேண்டாம். அதையும் கவரில் கட்டிவிடுங்கள்.

இதையெல்லாம் செய்யவே கூடாது

*போகியில் எரிப்பது:* கண்ணாடி வெடித்துச் சிதறும், பாதரசம் அப்படியே புகையோடு தெருவில் பரவும்.

*செம்புக்காகச் சோக், வயரை எரிப்பது:* பிளாஸ்டிக் உறை எரியும்போது டையாக்சின் போன்ற நச்சுகள் வரும். கிடைக்கிற செம்பின் விலையை விட நுரையீரலுக்கு ஆகும் செலவு அதிகம்.

*மாஞ்சா:* டியூப்லைட் கண்ணாடியை இடித்துப் பட்டத்து நூலுக்குப் பூசும் பழக்கம் சென்னையிலும் சுற்றுவட்டாரத்திலும் உண்டு. கழுத்தை அறுக்கும் அபாயம் எல்லோருக்கும் தெரியும். இடிக்கிற பையனின் மூச்சில் பாதரசம் கலந்த பவுடர் போவது பலருக்குத் தெரியாது. கண்ணாடித் தூள் பூசிய செயற்கை மாஞ்சாவுக்கு 2017-ல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை விதித்தது.

*உடைத்து மண்ணில் புதைப்பது:* கிணறு, போர் தண்ணீர் இருக்கும் வீட்டில் இது நமக்கு நாமே செய்துகொள்ளும் கெடுதல்.

எங்கே, யாரிடம் கொடுப்பது?

*வீடுகள்:* 2016 திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே டியூப்லைட், சிஎஃப்எல் இரண்டும் தீங்கு தரும் வீட்டுக் கழிவு என்று சொல்லப்பட்டிருந்தது. மக்கும் குப்பை, மக்காத குப்பை இரண்டிலும் சேர்க்காமல் தனியே வைக்க வேண்டும். தெருவில் வீசுவது, எரிப்பது, புதைப்பது எல்லாமே விதிமீறல். இவற்றைச் சேகரிக்க மையம் அமைப்பது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. எனவே நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி அலுவலகத்தில் "டியூப்லைட்டை எந்த நாளில், எங்கே வாங்குறீங்க?" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. தூய்மைப் பணியாளரிடம் கொடுத்தால், "அக்கா, இதுல டியூப்லைட் இருக்கு, உடையாம பார்த்துக்கோங்க" என்று சொல்லிக் கொடுங்கள்.

*மின்னணுக் கழிவு நிறுவனங்கள்:* 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளில், பாதரசம் உள்ள விளக்குகளும் பட்டியலில் உள்ளன. தயாரிப்பாளர்களே மறுசுழற்சிக்குப் பொறுப்பேற்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சி நிறுவனங்களின் பட்டியல் தமிழ்நாடு மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இணையதளத்தில் கிடைக்கும். கொடுக்கும் முன், டியூப்லைட் வாங்குவார்களா என்று போனில் கேட்டுவிடுங்கள். கம்ப்யூட்டர் வாங்கும் எல்லா நிறுவனமும் விளக்கு வாங்காது.

*ரிசார்ட், ஓட்டல், கல்லூரி, தொழிற்சாலை:* கிழக்குக் கடற்கரைச் சாலை ரிசார்ட்டில் ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கில் விளக்கு மாற்றுவார்கள். விதிப்படி, ஒரு நிதியாண்டில் பட்டியலில் உள்ள மின் சாதனங்களில் 1000 எண்ணிக்கைக்குக் குறையாமல் பயன்படுத்தும் நிறுவனம் "பெருநுகர்வோர்". இவர்கள் பதிவு பெற்றவர்களிடம் மட்டுமே கழிவை ஒப்படைக்க வேண்டும். வேலையை எடுத்த கான்ட்ராக்டர் லாரியில் அள்ளிக்கொண்டு போனதோடு பொறுப்பு முடியாது. எங்கே போனது என்பதற்குச் சீட்டு வாங்கி வைக்க வேண்டும்.

*காயலான் கடை:* இரும்புப் பட்டி, இரும்பு சோக் கொடுக்கலாம் என்பதே நடைமுறை. டியூப்லைட்டை மட்டும் கொடுக்காதீர்கள்.

மறுசுழற்சி ஆலையில், காற்று வெளியேறாத இயந்திரத்துக்குள் குழாய் நொறுக்கப்படும். கண்ணாடி, அலுமினியம், பவுடர் மூன்றும் தனித்தனியாகப் பிரியும். பவுடரைச் சூடாக்கினால் பாதரசம் ஆவியாகி, குளிர்ந்து, திரும்பக் கிடைக்கும்.

இனி டியூப்லைட் கிடைக்குமா?

மினமாட்டாவின் பெயரிலேயே உருவான சர்வதேச உடன்படிக்கை 2017 ஆகஸ்டில் அமலுக்கு வந்தது. இந்தியா 2018 ஜூனில் அதை உறுதி செய்தது. 2023-ல் ஜெனீவாவில் கூடிய உறுப்பு நாடுகள், பொது வெளிச்சத்துக்கான டியூப்லைட் தயாரிப்பு, ஏற்றுமதி, இறக்குமதியை 2027-க்குள் படிப்படியாக நிறுத்த முடிவு செய்தன. அதாவது டியூப்லைட்டின் காலம் முடிகிறது. இப்போது மாட்டியிருப்பதும் பரணில் இருப்பதும் இனி வரும் சில ஆண்டுகளில் மொத்தமாக வெளியே வரும்.

அடிக்கடி எழும் கேள்விகள்

*எரியாத டியூப்லைட்டில் பாதரசம் தீர்ந்திருக்குமா?*
இல்லை. ஃபியூஸ் போனாலும் பாதரசம் உள்ளேதான் இருக்கும்.

*வீட்டிலேயே வைத்திருந்தால் ஆபத்தா?*
உடையாமல் இருக்கும் வரை இல்லை. குழந்தைகள் கைக்கு எட்டாத, யாரும் மிதிக்காத இடத்தில் படுக்க வையுங்கள்.

*உடைந்த சில்லு காலில் குத்திவிட்டது. என்ன செய்வது?*
ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவி மருத்துவரிடம் காட்டுங்கள். டியூப்லைட் கண்ணாடி என்று மறக்காமல் சொல்லுங்கள்.

*குண்டு பல்பிலும் பாதரசம் உண்டா?*
பழைய மஞ்சள் குண்டு பல்பில் கிடையாது. கண்ணாடி மட்டும் கவனம்.

இந்த ஞாயிற்றுக்கிழமை பரணைப் பார்க்க ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். எத்தனை டியூப்லைட் இருக்கிறது என்று எண்ணி, ஒரே பெட்டியில் வைத்து, மேலே "டியூப்லைட், உடையும்" என்று பெரிதாக எழுதுங்கள். நாளைக்குக் காலையில் அந்தப் பெட்டியைத் தூக்கப் போகிறவருக்கு அந்த ஒரு வரி போதும்.